தோசைக்கல்லுக்கு எதிரே ஒரு கண்ணாடி: ஹோட்டல் வேலையும் மாற்றுத்திறனாளிகளும் (வாசகர் கேள்வி-பதில்)

மாற்றுத்திறனாளிகள் ஹோட்டல் தொழிலில் வேலை பெறுவது குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். பெங்களூரின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் ஆறினை இங்கே வெளியிடுகிறோம். இந்நகரத்து ஹோட்டல்களில் 28 ஆண்டுகள் பணியாளர் நிர்வாகப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பத்தியாளர் பதில் அளிக்கிறார். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் நலன் கருதித் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: அல்சூரில் நான் நடத்தும் சைவ ஹோட்டலில் 14 பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் நீண்டகால வாடிக்கையாளர் ஒருவர், பிறவியிலேயே காது கேளாத தம் அக்காள் மகனுக்கு வேலை கொடுக்கும்படி கேட்டார். பையன் பத்தாம் வகுப்பு வரை படித்தவன், சுறுசுறுப்பானவனாகத் தெரிகிறான். ஆனால் எங்கள் தோசை மாஸ்டர், "எண்ணெயும் நெருப்பும் இருக்கிற இடம், கூப்பிட்டால் திரும்பாதவனை வைத்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியாது" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப் படுகிறது. என்ன செய்யலாம், அம்மா?
— ஹோட்டல் உரிமையாளர், அல்சூர்

பதில்: ஐயா, உங்கள் தோசை மாஸ்டரின் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். நம் சமையலறைகளில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் குரலை நம்பியே நடக்கிறது. கொதிக்கும் சாம்பார் அண்டாவைத் தூக்கி வருபவர் "சூடு, சூடு, வழி விடு" என்று சொல்லிக்கொண்டே வருவார். முன்னால் நிற்பவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விலகிக்கொள்வார். அந்தக் குரல் எட்டாத ஒருவர் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று அவர் கவலைப்படுவது, பொறுப்புள்ள மனிதரின் கவலை. ஆனால் அந்தக் கவலையிலிருந்து அவர் வந்து சேரும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. குரலை நம்பி நடக்கும் ஒரு வேலையைக் கண்ணை நம்பி நடக்கும்படி மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமலேயே பையனால் முடியாது என்று சொல்லிவிடுவதுதான் இத்தொழிலில் வழக்கமாகிவிட்டது.

உங்கள் கடையிலிருந்து சிறிது தூரம் நடந்து, நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஒன்றில் போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கல்லாவில் பணம் கட்டியதும் டோக்கன் கிடைக்கிறது. அதை வாடிக்கையாளரே கொண்டுபோய்ப் பலகைமேல் வைக்கிறார். உள்ளே நிற்பவர் அதைப் பார்த்துவிட்டு இட்லியையோ காராபாத்தையோ எடுத்து வைக்கிறார். அந்தக் கொடுக்கல் வாங்கலில் காதுக்கு வேலையே இல்லை. யாரும் காது கேளாதவர்களை மனத்தில் வைத்து அந்த முறையை ஏற்படுத்தவில்லை என்றாலும், அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை. நம் தமிழ் ஹோட்டல்களிலோ சப்ளையர் மேஜையிலிருந்தே "ரெண்டு ரவா, ஒரு நெய் ரோஸ்ட், முறுகலா" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். அந்தக் குரலைச் சீட்டாக மாற்றிவிட்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். தோசைக்கல்லுக்கு மேலே ஒரு கம்பி கட்டி, சீட்டுகளை வரிசையாகச் செருகி வைக்கலாம். புதுச் சீட்டு வந்ததும் எரியும்படி ஒரு சிறு விளக்கும் போடலாம். காது கேட்கும் மாஸ்டருக்கும் இதனால் நன்மைதான். மதிய நெரிசலில் ஊத்தப்பம் சொன்னது யார், ஆனியன் ரவா சொன்னது யார் என்ற சண்டை குறையும்.

மீதிப் பாதிக்கு ஒரு கண்ணாடி போதும். நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில், தோசைக்கல்லுக்கு எதிர்ச்சுவரில் முகம் பார்க்கும் அளவுள்ள கண்ணாடி ஒன்றைச் சற்றுச் சாய்த்து மாட்டினோம். சுவரைப் பார்த்து நின்று வேலை செய்த இளைஞருக்குத் தம் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார், கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தது. தரையில் மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு போட்டு, சூடான பாத்திரம் தூக்கி வருபவர் அந்தக் கோட்டுக்கு உள்ளேதான் வர வேண்டும், நின்று வேலை செய்பவர் கோட்டைத் தாண்டிக் கால் வைக்கக்கூடாது என்று வைத்தோம். தோளைத் தொட்டால் "பின்னால் இருக்கிறேன்", இரு முறை தட்டினால் "நகராதே" என்று பொருள். இந்த மூன்றும் பழகுவதற்கு எல்லோருக்கும் ஒரு வாரம் ஆயிற்று. தீ எச்சரிக்கை மணி இருந்தால் அதனுடன் பளிச்சென்று எரியும் விளக்கும் இருக்க வேண்டும். மணியே இல்லாத சிறிய கடையாக இருந்தால், ஆபத்து நேரத்தில் அவரைத் தொட்டு வெளியே அழைத்து வருவது இன்னாருடைய பொறுப்பு என்று ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய சைகை மொழி என்பது தமிழையோ கன்னடத்தையோ கையால் காட்டுவது அன்று. அதற்கென்று சொல்லும் இலக்கணமும் உள்ள தனி மொழி. இடத்துக்கு இடம் சில சைகைகள் வேறுபட்டாலும், தமிழ்க் குடும்பத்துப் பையனும் கன்னடக் குடும்பத்துப் பையனும் அதில் தடையின்றிப் பேசிக்கொள்வார்கள். டெல்லியில் 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் வெளியிட்டுள்ள அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன. உங்கள் கடைக்கு அவ்வளவு தேவையில்லை, ஐம்பது போதும். எங்கள் சமையலறையில் பையன்கள் தாங்களாகவே சில சைகைகளை உண்டாக்கிக்கொண்டார்கள். உள்ளங்கையைக் கவிழ்த்து, கரண்டியின் அடிப்பக்கத்தால் மாவைத் தேய்ப்பதைப் போல வட்டமாகச் சுற்றினால் தோசை. ஒரு கை மேலே, ஒரு கை கீழே, டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே ஆற்றுவதைப் போலக் காட்டினால் காபி. எங்களிடமும் முதலில் எதிர்ப்புச் சொன்ன மாஸ்டர் ஒருவர்தான் "முறுகல்" என்பதற்கு விரல்நுனிகளை நொறுக்கிக் காட்டும் சைகையைக் கண்டுபிடித்தார்.

இரண்டு வேண்டுகோள்கள். அந்தப் பையனைப் பெயரிட்டு அழையுங்கள். "ஊமை", "செவிடு" என்று கூப்பிடுவது நம் சமையலறைகளில் மிக இயல்பாக நடக்கிறது. பொது இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் ஒரு மாற்றுத்திறனாளியை அவமதிப்பது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதை உங்கள் பணியாளர்களுக்குத் தெரிவியுங்கள். இன்னொன்று, அவரைப் பாத்திரம் கழுவும் இடத்திலேயே விட்டுவிடாதீர்கள். அங்கே தொடங்குவதில் தவறில்லை. எத்தனையோ மாஸ்டர்கள் அங்கே தொடங்கியவர்கள்தாம். ஆனால் மற்றப் பையன் ஆறு மாதத்தில் மாவு அரைக்கவும், ஒரு வருடத்தில் கல்லுக்கும் போகும்போது இவர் மட்டும் எச்சில் தட்டுகளோடே நின்றுவிட்டால், நீங்கள் கொடுத்தது பாதி வேலைதான். லெமன் ட்ரீ ஹோட்டல் குழுமம் 2007இல் காது கேளாத சில இளைஞர்களை வேலைக்கு எடுத்துப் பார்த்தது. பின்னர் சமையலறைப் பின்புறத்தோடு நிற்காமல் உணவகத்திலும் அறைப் பராமரிப்பிலும் அவர்களை நியமித்தது. காது கேட்கும் பணியாளர்களுக்கும் சைகை மொழி கற்பித்தது. அக்குழுமத்தின் ஹோட்டல் ஒன்று உங்கள் அல்சூர் ஏரிக்கு அருகிலேயே இருக்கிறது. மும்பை பவாயில் 2015இல் தொடங்கப்பட்ட 'மிர்ச்சி அண்ட் மைம்' உணவகத்தில் பரிமாறியவர்கள் காது கேளாதவர்கள். மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பக்கத்தில் அதற்கான சைகை படமாக அச்சிடப்பட்டிருந்தது. வாடிக்கையாளருக்கு எதிரே நிறுத்தினாலும் வேலை நடக்கும் என்பதற்கு இவை சான்று.

கேள்வி: என் மகளுக்கு வயது 22, டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். ஒரு பெரிய ஹோட்டலில் "பயிற்சி" என்று சேர்த்துக்கொண்டு ஏழு மாதங்கள் ஆகின்றன. தினமும் காலை ஒன்பது மணிக்குப் போய் மாலை ஐந்து மணிக்கு வருகிறாள். துணி நாப்கின் மடிப்பது, கரண்டி முள்கரண்டிகளைத் துடைத்துச் சுற்றி வைப்பது அவள் வேலை. சம்பளம் எதுவும் கிடையாது. ஆட்டோ செலவும் எங்களுடையதே. கேட்டால், "அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு ஆயிற்றே, சந்தோஷமாக இருக்கிறாளே" என்கிறார்கள். அவள் சந்தோஷமாக இருப்பது உண்மை. சம்பளம் கேட்டால் அவள் வருவதையே நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், விவேக்நகர்

பதில்: அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் கேளுங்கள் என்றே சொல்வேன். ஒரு விருந்துக்கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் தேவைப்படும் என்று எனக்குத் தெரியும். உங்கள் மகள் மடிக்காவிட்டால் சம்பளம் வாங்கும் இன்னொருவர் உட்கார்ந்து மடித்தாக வேண்டும். முள்கரண்டியில் தண்ணீர்த் தடம் ஒன்று இருந்தால் விருந்தினர் அதைத் தூக்கிக் காட்டி மேலாளரைக் கூப்பிடுவார். அப்படிப்பட்ட புகார் வராமல் ஏழு மாதங்களாகக் காத்து வருபவர் செய்வது வேலை, பொழுதுபோக்கு அன்று. ஒரே செயலைச் சலிப்பில்லாமல், ஒவ்வொரு முறையும் அதே ஒழுங்குடன் செய்பவர்களைத் தேடி ஹோட்டல்கள் அலைகின்றன என்பதை இத்தொழிலில் இருந்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

பயிற்சி என்றால் அதற்குத் தொடக்கமும் முடிவும் இருக்கும். முடிவில் என்ன வேலை, என்ன சம்பளம் என்பதும் எழுத்தில் இருக்கும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் முறைப்படி சேர்க்கப்பட்ட பழகுநருக்குக்கூட மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். எனவே பணியாளர் நிர்வாக அலுவலருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்: மகள் சேர்ந்த நாள், நாள்தோறும் செய்யும் வேலை, வேலை நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தப் பதவியில், எவ்வளவு ஊதியத்தில் நியமிப்பார்கள் என்று கேளுங்கள். அதே வேலையைச் செய்யும் மற்றவருக்குக் கொடுக்கும் ஊதியத்தையே கேளுங்கள். குறைத்துக் கேட்டு உள்ளே நுழையலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு மணி நேரத்தில் அவள் எத்தனை நாப்கின் மடிக்கிறாள் என்பதை எண்ணி எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது. அவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசினால் உங்களிடம் பதில் இருக்கும்.

அவர்கள் மறுத்தால், வேறு இடம் இல்லாமல் போய்விடவில்லை. 2017இல் அலினா ஆலம் தொடங்கிய 'மிட்டி கஃபே' ஹுப்பள்ளியில் பிறந்து, இன்று பெங்களூரின் நிறுவன வளாகங்களிலும் விமான நிலையத்திலும் நடக்கிறது. 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலும் ஒரு கிளை திறக்கப்பட்டது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள் எனப் பலரும் அங்கே காபி போட்டு, கல்லாவில் இருந்து, பரிமாறி ஊதியம் பெறுகிறார்கள். லிங்கராஜபுரத்தில் 1959 முதல் இயங்கும் ஏ.பி.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகள் சங்கம், 1999இல் தொடங்கப்பட்ட எனேபிள் இந்தியா, எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் உள்ள சமர்த்தனம் அறக்கட்டளை ஆகிய மூன்று இடங்களிலும் போய்க் கேளுங்கள். பயிற்சிக்கும் வேலைக்கும் வழிகாட்டுவார்கள்.

மகள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லாவிட்டால் இந்த வாரமே தொடங்குங்கள். முதல் சம்பளம் அவள் கணக்கில் விழ வேண்டும். அன்று அவளையே ஏ.டி.எம்.முக்கு அழைத்துச் சென்று, அவள் கையாலேயே ஒரு நோட்டை எடுக்கச் செய்யுங்கள், அம்மா.

கேள்வி: நான் ஒரு ஹோட்டலில் ஆறு ஆண்டுகளாக ரூம்பாயாக இருந்தேன். நான்கு மாதங்களுக்கு முன் இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பும்போது விபத்து. வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. என் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிப்பார்கள். இப்போது மேலாளர், "உடம்பைப் பார்த்துக்கொள், இந்த வேலை இனி உன்னால் ஆகாது, கணக்கை முடித்துக்கொள்ளலாம்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?
— ஸ்ரீராமபுரம் வாசகர்

பதில்: தம்பி, எந்தத் தாளிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். விருப்ப ராஜினாமா என்று எழுதி வாங்கிவிட்டால், பின்னால் பேசுவதற்கு உங்களுக்கு இடமில்லாமல் போகும்.

வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நேர்ந்த விபத்து, நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், இ.எஸ்.ஐ. விதிகளின்படி பணியின்போது நேர்ந்த விபத்தாகவே கருதப்படும். பலர் இது தெரியாமல் வெறும் நோய்க்கால உதவித்தொகையோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். விபத்து அறிக்கையை ஹோட்டல் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அனுப்பாவிட்டால் நீங்களே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். அன்றைய ஷிப்ட் வருகைப் பதிவு, காவல் நிலைய ஆவணம், மருத்துவமனைச் சீட்டு ஆகியவை கையில் இருக்கட்டும். பணி விபத்து என்று ஏற்கப்பட்டால், சிகிச்சைக் காலத்தில் ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அதன் பின் மருத்துவக் குழு உங்கள் உழைப்புத் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட்டு, அதற்கேற்ப மாதந்தோறும் நிரந்தர உதவித்தொகை வழங்கப்படும். சிகிச்சைக் காலத்துக்கான அந்த 90 சதவீதத் தொகையை நீங்கள் பெற்றுவரும் காலத்தில் உங்களை வேலையிலிருந்து நீக்குவதற்கு விதிகள் அனுமதிப்பதில்லை. செயற்கைக் காலுக்கும் இ.எஸ்.ஐ. மூலமாகவே வழி உண்டு, ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, அவரால் பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகச் சொல்வது அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் துறைக்கும் அது விரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் பாகுபாடு காட்டக்கூடாது என்பதும், நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் அடிப்படை. அதைச் சொல்லி நீங்கள் பேசலாம். பேசும்போது வெறுமனே "வேலை கொடுங்கள்" என்று நிற்காதீர்கள். ஆறு ஆண்டுகள் அறைகளைப் பார்த்தவருக்கு எந்த அறையில் எந்தக் குழாய் ஒழுகும், ஒரு மாடிக்கு எத்தனை படுக்கை விரிப்பு வேண்டும், எந்த விருந்தினர் இரண்டு தலையணை கேட்பார் என்பதெல்லாம் மனப்பாடம். ஹவுஸ்கீப்பிங் மேஜையில் உட்கார்ந்து தொலைபேசி எடுத்து அறைகளைப் பங்கிடுபவர், லினன் அறைக் கணக்கர், சாவி அட்டைப் பொறுப்பாளர் ஆகியோருக்கு வேண்டிய அறிவு இதுதான். "இந்த மூன்று வேலைகளில் ஒன்றை இந்தத் தேதி முதல் என்னால் செய்ய முடியும்" என்று எழுதிக் கொடுங்கள். மறுத்தால், கர்நாடக மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். இங்குள்ள அலுவலகப் பலகைகளில் "விகலசேதனர்" என்ற கன்னடச் சொல்லைப் பார்த்தால் அது நம் "மாற்றுத்திறனாளி"தான்.

கேள்வி: சமீபத்தில் ஓர் உணவகத்தில் எங்களுக்குப் பரிமாற வந்தவர் காது கேளாதவர் என்று பாதியில்தான் தெரிந்தது. எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் தவித்துப் போனோம்.
— ஜெயநகர் வாசகி

பதில்: அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், உடன் வந்தவரைப் பார்த்து "இவருக்குச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். மெனுவில் விரல் வைத்துக் காட்டலாம், எண்ணிக்கையை விரலால் காட்டலாம், கைப்பேசியில் தட்டச்சு செய்தும் காட்டலாம். உரக்கக் கத்துவதால் பயனில்லை. உதட்டசைவைப் படிப்பவராக இருந்தால் கத்தும்போது வாய் கோணி அதுவும் புரியாமல் போகும். கூப்பிட வேண்டுமானால் அவர் பார்வை படும்படி கையை உயர்த்துங்கள். உணவு தாமதமானால் மற்றவரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே இவரிடமும் சொல்லுங்கள். இரக்கப்பட்டு வாய்மூடி இருந்துவிட்டுப் பின்னால் மேலாளரிடம் புகார் செய்வதுதான் அவருக்குக் கேடு.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் 160 பேர் பணியாற்றும் ஹோட்டலில் பணியாளர் நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். தனியார் நிறுவனங்களும் நான்கு சதவீத இடஒதுக்கீடு தர வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். தனியாருக்குச் சட்டமே கிடையாது என்று இன்னொருவர் சொல்கிறார். உணவுப் பாதுகாப்பு விதிப்படி உடல்தகுதிச் சான்று வேண்டும் என்பதால் மாற்றுத்திறனாளிகளைச் சமையலறையில் எடுக்கவே முடியாது என்று எங்கள் தலைமைச் சமையற்காரர் வாதிடுகிறார். எது சரி?
— ஒயிட்ஃபீல்ட் வாசகர்

பதில்: மூன்றுமே சரியில்லை. நான்கு சதவீத ஒதுக்கீடு அரசு நிறுவனங்களுக்கு உரியது. தனியார் துறையைப் பொறுத்தவரை, பணியாளர்களில் குறைந்தது ஐந்து சதவீதம் பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி செய்ய அரசு ஊக்கச் சலுகைகள் தர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. அது கட்டாய ஒதுக்கீடு அன்று. ஆனால் உங்களுக்குக் கடமைகள் உண்டு. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, தனியார் நிறுவனம் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதன் நகலை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் உங்களைப் போன்ற நிறுவனத்தின் கொள்கையில், எந்தெந்தப் பணிகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, தேர்வு முறை என்ன, என்ன பயிற்சியும் கருவியும் தருவீர்கள், தொடர்பு அலுவலர் யார் என்பவை இருக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு. இ.எஸ்.ஐ.யில் பொதுவான ஊதிய வரம்பு மாதம் 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிப் பணியாளருக்கு அது 25,000 ரூபாய் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உணவைக் கையாள்பவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையின் நோக்கம், தொற்றுநோய் உணவு வழியாகப் பரவாமல் தடுப்பது. கேளாமையும் போலியோவால் சூம்பிய காலும் யாருக்கும் தொற்றுவதில்லை. உங்கள் தலைமைச் சமையற்காரரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனி நான் சொல்லப்போவது எந்த விதியிலும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு ஹோட்டலில், காது கேளாத இளைஞர் ஒருவர் அறைப் பராமரிப்பில் இருந்தார். படுக்கை விரிப்பின் மூலையை அவர் மடிப்பதைப் பார்த்தால் அளவுகோல் வைத்து மடித்ததுபோல் இருக்கும். ஒரு நாள் முறைப்படி மூன்று முறை கதவைத் தட்டிவிட்டு உள்ளே சென்றார். உள்ளிருந்த விருந்தினர் "வராதே" என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. விருந்தினர் உடை மாற்றிக்கொண்டிருந்தார், பெரிய புகாராகிவிட்டது. மறுநாளே அந்த இளைஞரை அடித்தளத்திலிருந்த சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த உத்தரவில் கையெழுத்திட்டவள் நான். இரண்டு ஆண்டுகள் அவர் வெயில் படாத அந்த அறையில் ஈரத் துணிகளுக்கு நடுவே நின்றார். தவறு அவருடையதன்று, தட்டிவிட்டுக் காதால் பதில் கேட்க வேண்டிய ஒரு வேலையை, வேறு எந்த ஏற்பாடும் செய்யாமல் அவரிடம் கொடுத்த எங்களுடையது.

பின்னர் வந்த ஒரு மேற்பார்வையாளர் பெண்மணி அதை ஒரே நாளில் சரிசெய்தார். விருந்தினர் காலி செய்துவிட்டதாகக் கணினியில் பதிவான அறைகளை மட்டும் அவருக்கு ஒதுக்கினார். ஆள் தங்கியிருக்கும் அறையாக இருந்தால், மேற்பார்வையாளர் முதலில் தொலைபேசியில் கேட்டு, அறை காலியாக இருக்கிறது என்று உறுதி செய்து, அந்த இளைஞரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவார். செய்தி வராமல் அவர் கதவைத் தொடமாட்டார். அதன்பின் ஒரு புகாரும் வரவில்லை. ஒரு கணினிப் பட்டியலும் ஒரு குறுஞ்செய்தியும் செய்யக்கூடிய காரியத்துக்காக ஒருவருடைய இரண்டு ஆண்டுகளை எடுத்துக்கொண்டோம் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. நீங்கள் கொள்கை எழுதும்போது "ஏற்ற பணிகள்" என்ற பட்டியலில் சலவையும் பாத்திரம் கழுவுவதும் மட்டும் வந்தால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முழு ஷிப்ட் நின்று, எந்த நொடியில் காது வேண்டும், எந்த நொடியில் கால் வேண்டும், அதற்கு மாற்று என்ன என்று எழுதிப் பாருங்கள்.

கேள்வி: நான் பார்வையற்ற பி.காம். பட்டதாரிப் பெண். ஹோட்டல் என்றால் தொலைபேசி இயக்குநர் வேலைதான் என்கிறார்கள். அந்த வேலையும் இப்போது குறைந்துவிட்டது. வேறு வாய்ப்பு உண்டா?
— மர்பி டவுன் வாசகி

பதில்: உண்டு, அம்மா. முன்பதிவுப் பிரிவு, விருந்துக்கூட விசாரணைகள், விருந்தினர் கருத்துகளுக்கும் மின்னஞ்சல்களுக்கும் பதில் எழுதுவது, கடன் கணக்குகளைச் சரிபார்ப்பது ஆகிய எல்லாம் இன்று கணினித் திரையில் நடப்பவை. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உங்களுக்கு அது பழக்கமாகவே இருக்கும். உங்கள் வணிகவியல் படிப்பும், தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் பேசும் திறனும் முன்பதிவுப் பிரிவில் நேரடியாகப் பயன்படும்.

தடை வரக்கூடிய இடம் ஒன்றுதான். ஹோட்டல்கள் அறைக் கணக்குக்குப் பயன்படுத்தும் மென்பொருள்களில் சிலவற்றின் பொத்தான்களைத் திரைபடிப்பான் படிக்காது. அதனால் நேர்முகத்தேர்வுக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்பி, அங்கே எந்த மென்பொருள் என்று கேட்டு, உங்கள் மடிக்கணினியுடன் வந்து ஒரு மணி நேரம் அதை இயக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். எது படிக்கிறது, எது படிக்கவில்லை என்று பட்டியலிட்டு, படிக்காதவற்றுக்கு விசைப்பலகைக் குறுக்குவழி உண்டா என்று அவர்களுடைய கணினிப் பிரிவிடம் விசாரியுங்கள். நேர்முகத்தில் "உங்களால் எப்படி முடியும்?" என்று கேட்டால் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், ஒலிபெருக்கியைச் சற்று உயர்த்தி வைத்து, அவர்கள் கண்முன்னே ஒரு அறையை முன்பதிவு செய்து காட்டுங்கள்.